ஒரு பவுண்டுக்குப் போன கிளப்

134 ஆண்டு வரலாறு கொண்ட பெரி கால்பந்து அணியை முதலாளிகள் கடனில் மூழ்கடித்தார்கள். லீக் வெளியே தள்ளியது. மீட்டெடுத்தது ஊர்.

2019 ஆகஸ்டு 27, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்தின் வடமேற்கில், மான்செஸ்டரிலிருந்து சுமார் 13 கி.மீ. தொலைவில் இருக்கும் பெரி என்ற ஊர். கையில் துடைப்பம், வாளி, குப்பைப் பை சகிதம் ஜனங்கள் கிக் லேன் கால்பந்து மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்கள், வேலைக்கு விடுப்பு போட்டவர்கள், பள்ளி விடுமுறையில் இருந்த பிள்ளைகள். அவர்கள் நாற்காலிகளைத் துடைத்தார்கள், படிக்கட்டுகளில் முளைத்திருந்த களையைப் பிடுங்கினார்கள். வரும் சனிக்கிழமை இங்கே ஆட்டம் நடக்கும் என்று நம்பினார்கள். கிளப்பை வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தது. மாலை 5 மணி வரை லீக் நிர்வாகம் கெடு கொடுத்திருந்தது.

கெடு முடிவதற்குச் சற்று முன்பு அந்த நிறுவனம் பின்வாங்கியது. அன்றிரவு ஆங்கிலக் கால்பந்து லீக்கின் அறிவிப்பு வந்தது: பெரி கிளப் லீக்கிலிருந்து நீக்கப்படுகிறது. 1894 முதல் இடைவிடாமல் லீக்கில் ஆடிவந்த அணி, ஒரே இரவில் ஆட இடமில்லாத அணியாயிற்று. காலையில் துடைத்து வைத்த நாற்காலிகள் அடுத்த நான்கு ஆண்டுகளுக்குக் காலியாகவே கிடந்தன.

பெயரில்தான் பெரி. ஊர் சிறியது. மக்கள் தொகை சுமார் 80 ஆயிரம். நெசவுத் தொழிலுக்குப் பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்துக் கொடுத்த ஜான் கே இந்த வட்டாரத்துக்காரர். லண்டனில் நவீன போலீஸ் படையை உருவாக்கிய ராபர்ட் பீல் பிறந்ததும் இங்கேதான். லங்காஷயரின் மற்ற ஊர்களைப் போலவே பெரியும் மில்களால் வளர்ந்து, மில்கள் மூடியதும் தளர்ந்த ஊர். சனிக்கிழமை மதியம் மில் சங்கு ஊதிய பிறகு தொழிலாளிகள் போவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் கால்பந்து மைதானம். 1885ல் இரண்டு தேவாலய அணிகளைச் சேர்ந்தவர்கள் கூடிப் பேசி பெரி கிளப்பைத் தொடங்கினார்கள்.

ஊர் சிறியதாக இருந்தாலும் அணி அப்படி இருக்கவில்லை. 1900ல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 1903ல் மீண்டும் வென்றபோது இறுதி ஆட்டத்தில் டெர்பி கவுன்டி அணியை 6-0 என்று நொறுக்கியது. அந்தத் தொடர் முழுவதிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. கோப்பை இறுதி ஆட்டத்தில் இவ்வளவு பெரிய வெற்றியை 116 ஆண்டுகளுக்கு யாராலும் எட்ட முடியவில்லை. கடைசியில் 2019 மே மாதம், கோடி கோடியாகப் பணம் கொட்டிய மான்செஸ்டர் சிட்டி அதைச் சமன் செய்தது. மூன்று மாதம் கழித்து, சாதனையின் மூல உரிமையாளரான பெரிக்கு லீக்கில் இடமில்லை.

அந்தப் பழம்பெருமைக்குப் பிறகு பெரியின் கதை பெரும்பாலும் ஏற்ற இறக்கந்தான். 1929க்குப் பிறகு முதல் டிவிஷனை அது பார்க்கவே இல்லை. ஆனால் பெரிய கிளப்புகளுக்கு ஆட்களை உருவாக்கிக் கொடுத்தது. மான்செஸ்டர் சிட்டியின் நட்சத்திரமான காலின் பெல், எவர்டனின் புகழ்பெற்ற கோல்கீப்பர் நெவில் சவுத்தால் இருவரும் லீக் கால்பந்தை இங்கே தொடங்கியவர்கள். சிறிய கிளப்பின் பிழைப்பே இதுதான். இளைஞனைக் கண்டுபிடி, வளர்த்து ஆளாக்கு, நல்ல விலைக்கு விற்று, அடுத்த ஆண்டை ஓட்டு.

இந்தப் பிழைப்பு ஏன் கடினமாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் கால்பந்து ஏணியைப் பார்க்க வேண்டும். உச்சியில் 20 அணிகள் கொண்ட பிரிமியர் லீக். அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் 72 அணிகள். அவற்றுக்கும் கீழே தொழில்முறையும் அமெச்சூரும் கலந்த பல அடுக்குகள். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. எந்தக் குக்கிராமத்து அணியும் விதிப்படி உச்சிக்கு ஏறலாம். ஏணியின் அழகு அதில்தான் இருக்கிறது, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. 1992ல் பிரிமியர் லீக் தனியாகப் பிரிந்து போனதும் டி.வி. பணத்தின் பெரும்பகுதி உச்சியிலேயே தங்கிவிட்டது. கீழே இருப்பவர்களுக்குத் துளிகள். ஒரு படி ஏறினால் வருமானம் பெருகும் என்ற ஆசையில், கையில் இல்லாத பணத்தை ஆட்டக்காரர்களின் சம்பளமாகக் கொடுக்கும் சூதாட்டம் சிறிய கிளப்புகளைப் பிடித்துக்கொண்டது. 2002ல் ஐடிவி டிஜிட்டல் என்ற டி.வி. நிறுவனம் திவாலாகி லீக்குக்குத் தர வேண்டிய பணம் வராமல் போனபோதே பெரி தள்ளாடியது. ரசிகர்கள் உண்டியல் குலுக்கித்தான் அப்போது காப்பாற்றினார்கள்.

சூதாட்டத்தின் அடுத்த சுற்று 2013ல் தொடங்கியது. ஸ்டூவர்ட் டே என்ற கட்டட முதலீட்டாளர் கிளப்பை எடுத்துக்கொண்டார். கிளப்பின் வருமானத்துக்கு மீறிய சம்பளத்தில் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். மைதானத்தையே ஈடு காட்டிக் கடன் வாங்கப்பட்டது. அவருடைய கட்டடத் தொழில் சரிந்தபோது கிளப்பும் கூடவே சரிந்தது. 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்ற தொழிலதிபருக்கு அவர் கிளப்பை விற்றார். விலை ஒரு பவுண்டு. கூடவே கடன்கள் அத்தனையும்.

டேலிடம் கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறதா என்பதற்கு லீக் நிர்வாகம் ஆதாரம் கேட்டது. திருப்தியான பதில் வரவில்லை. ஆனால் விற்பனை அதற்குள் முடிந்துவிட்டது. திருமணம் நடந்த பிறகு ஜாதகம் கேட்ட கதை. பெரி என்ற ஊரில் கால்பந்து கிளப் இருப்பதே தனக்குத் தெரியாது என்று டேல் பிற்பாடு வானொலியில் பேசியதை அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

இதில் உறுத்தும் விஷயம், அந்த ஆண்டு அணி பிரமாதமாக ஆடியது என்பது. மேனேஜர் ரயன் லோவின் கீழ் நான்காவது டிவிஷனில் இரண்டாவது இடத்தைப் பிடித்து மேல் டிவிஷனுக்கு உயர்ந்தது. ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் சரியாக வராத மாதங்களில் பெற்ற வெற்றி அது. கொண்டாட்டம் அடங்கும் முன்பே மேனேஜர் வேறு கிளப்புக்குப் போனார். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். ஜூலையில் கடன் கொடுத்தவர்களுடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி சாதாரணக் கடன்காரர்களுக்குப் பவுண்டுக்குக் கால் பவுண்டுதான் கிடைக்கும். அதற்குத் தண்டனையாக 12 புள்ளிகள் கழிக்கப்பட்டன. அந்தப் பணத்துக்குக்கூட வழியிருக்கிறதா என்று லீக் கேட்டது. பதில் இல்லை. ஆகஸ்டில் பருவம் தொடங்கியும் பெரியின் ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி வைக்கப்பட்டன. முன்னாள் இயக்குநர் ஒருவர் மைதானக் கட்டடத்தின் மழைநீர்க் குழாயில் தன்னைத்தானே விலங்கிட்டுக்கொண்டு போராடினார். பலனில்லை. பக்கத்து ஊரான போல்டனின் கிளப்பும் அதே வாரம் அதே விளிம்பில் நின்றது. கடைசி நேரத்தில் புது முதலாளி கிடைத்ததால் அது பிழைத்தது. பெரிக்கு யாரும் கிடைக்கவில்லை.

1992ல் மெய்ட்ஸ்டோன் யுனைடெட் வெளியேறிய பிறகு லீக் இழந்த முதல் கிளப் பெரிதான். அந்தப் பருவத்தில் மூன்றாவது டிவிஷன் 24க்குப் பதில் 23 அணிகளுடன் நடந்தது.

கிளப் போனதும் ஊர் எதை இழந்தது? ஆட்டத்தன்று நிரம்பி வழிந்த மதுக்கடைகளும் தின்பண்டக் கடைகளும் காற்று வாங்கின. அது கணக்கில் வரும் நஷ்டம். அப்பா கைப்பிடித்து அழைத்துப் போன அதே இடத்தில் தன் மகனோடு நிற்பது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நாற்காலி வரிசையில் அதே முகங்களைப் பார்ப்பது எல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. பெரியிலிருந்து டிராமில் ஏறினால் சற்று நேரத்தில் மான்செஸ்டர். உலகப் புகழ் அணிகள் இரண்டு அங்கே இருக்கின்றன. ஆனால் பெரி ரசிகர்கள் அங்கே குடிபெயரவில்லை. பக்கத்து வீட்டில் விருந்து நடக்கிறது என்பதற்காகத் தன் வீட்டு அடுப்பை அணைக்க யாருக்கு மனம் வரும்?

சில மாதங்களுக்குள் ரசிகர்களில் ஒரு பிரிவினர் பெரி ஏ.எஃப்.சி. என்ற புதிய கிளப்பைப் பதிவு செய்தார்கள். நம் ஊர் கூட்டுறவுச் சங்கம் மாதிரியான அமைப்பு. உறுப்பினருக்கு ஒரு ஓட்டு, எவ்வளவு பணம் போட்டிருந்தாலும். 2020ல் பத்தாவது அடுக்கில், பக்கத்தில் உள்ள ராட்கிளிஃப் கிளப்பின் மைதானத்தை இரவல் வாங்கி ஆடத் தொடங்கினார்கள். இன்னொரு பிரிவினருக்கு இதில் உடன்பாடில்லை. பழைய பெயரும் கிக் லேனும் இல்லாமல் என்ன பெரி என்பது அவர்கள் வாதம். திவாலான பழைய கிளப்பின் பெயரையும் மைதானத்தையும் மீட்பதில் அவர்கள் இறங்கினார்கள். 2022 பிப்ரவரியில் அதைச் சாதித்தும் விட்டார்கள். அரசின் சமூக உடைமை நிதியிலிருந்து 10 லட்சம் பவுண்டு வந்தது. மீதிக்கு ரசிகர்களும் நன்கொடையாளர்களும் கைகொடுத்தார்கள்.

இப்போது ஊரில் ஒரு விசித்திரம். ஒரு தரப்பிடம் அணி இருந்தது, மைதானம் இல்லை. மறுதரப்பிடம் மைதானம் இருந்தது, அணி இல்லை. இரண்டும் சேர்வது சுலபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். ஆனால் ஒரே வீட்டுக்குள் வரும் சண்டைக்குத்தான் காரம் அதிகம். நீங்கள் கிளப்பைக் கைவிட்டு ஓடினீர்கள் என்று ஒரு தரப்பும், நீங்கள் செத்த பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று மறுதரப்பும் குற்றம் சாட்டிக்கொண்டன. 2022 அக்டோபரில் இணைப்புக்கு ஓட்டெடுப்பு நடந்தது. இரு அமைப்புகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஒன்றில் அது சற்றே குறைந்ததால் இணைப்பு தோற்றது. மறுபடி பேசினார்கள். 2023ல் நடந்த இரண்டாவது ஓட்டெடுப்பில் ஊர் ஒன்று சேர்ந்தது. அந்த ஆண்டே பெரி எஃப்.சி. என்ற பழைய பெயருடன் அணி கிக் லேனுக்குத் திரும்பியது. அப்போது அது ஆடியது ஒன்பதாவது அடுக்கில். அங்கே பல அணிகளின் ஆட்டத்துக்குச் சில நூறு பேர் வந்தாலே பெரிது. பெரிக்கோ ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 2025 ஏப்ரலில் சாம்பியனாகி எட்டாவது அடுக்குக்கு ஏறியது.

இந்தியர்களுக்கு இந்த வட்டாரம் அந்நியமல்ல. பெரிக்குச் சற்று வடக்கே உள்ள பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை 2010ல் புனேயின் வெங்கீஸ் கோழிப்பண்ணை நிறுவனத்தார் வாங்கினார்கள். 2012ல் அணி பிரிமியர் லீக்கிலிருந்து இறங்கிய நாளில் ரசிகர் ஒருவர் மைதானத்துக்குள் கோழியை விட்டு எதிர்ப்பைக் காட்டினார். ஆனால் அங்கே முதலாளிகள் நஷ்டத்துக்குத் தொடர்ந்து பணம் போட்டார்கள்; கிளப் பிழைத்துக் கிடந்தது. முதலாளியின் பணப்பை திறந்திருக்கும் வரைதான் சிறிய கிளப்புக்கு உயிர் என்பதற்குப் பிளாக்பர்ன் ஓர் உதாரணம். மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரி.

பெரியின் வீழ்ச்சி நாடாளுமன்றம் வரை எதிரொலித்தது. முன்னாள் விளையாட்டுத் துறை அமைச்சர் டிரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வு, சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு தேவை என்று 2021ல் சிபாரிசு செய்தது. 2025 ஜூலையில் அது சட்டமாயிற்று. இனி மேல் ஐந்து அடுக்குகளில் உள்ள கிளப்புகள் உரிமம் பெற்றே ஆட வேண்டும். வாங்க வருபவரின் தகுதியும் பணத்தின் மூலமும் சோதிக்கப்படும். ரசிகர்களைக் கலக்காமல் கிளப்பின் பெயரையோ நிறத்தையோ மைதானத்தையோ மாற்ற முடியாது.

சட்டம் பெரிக்குக் காலம் கடந்து வந்த மருந்து. தவிர, 2025ல் எட்டாவது அடுக்குக்குத்தான் ஏறிய அணிக்கு அது நேரடியாகப் பொருந்தவும் இல்லை. அங்கிருந்து லீக்குக்குத் திரும்ப நான்கு படிகள் ஏற வேண்டும். 1962ல் பணமில்லாமல் லீக்கைவிட்டு விலகிய அதே லங்காஷயரின் அக்ரிங்டன் ஸ்டான்லி, திரும்பி வர 44 ஆண்டுகள் பிடித்தன. 2002ல் தங்கள் அணி வேறு ஊருக்குப் பெயர்க்கப்படுவதை எதிர்த்து லண்டனில் விம்பிள்டன் ரசிகர்கள் தொடங்கிய புதிய கிளப்புக்கு ஒன்பது ஆண்டுகள் போதுமாயிருந்தது. பெரிக்கு எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதை ஆட்டம்தான் சொல்லும்.

ஆனால் 2019ல் இல்லாத ஒன்று இப்போது அங்கே இருக்கிறது. நாற்காலிகளைத் துடைக்க அன்று வந்தவர்கள் அடுத்தவர் சொத்தைத் துடைத்தார்கள். அதன் கதி வேறு எங்கோ ஒரு பேரத்தில் முடிவாகிக்கொண்டிருந்தது. இன்று துடைப்பவர் கையில் ஓர் ஓட்டும் இருக்கிறது. இனி யாரும் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கிவிட முடியாது.