வண்டியை வாங்கும் முன் ஒர்க்‌ஷாப்பைப் பாருங்கள்

சூலூரிலிருந்து சுல்தான்பேட்டை போகும் வழியில் ஒரு டீக்கடை. தை மாதக் காலை. சுற்றிலும் மக்காச்சோளம் காய்ந்து நிற்கிறது. அறுவடை வண்டிக்குக் காத்திருக்கும் விவசாயிகள் நான்கைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்து, எந்த வண்டி நல்ல வண்டி என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

"பெல்ட் வண்டின்னா குபோட்டாதானுங்க. ஈரத்துல விட்டாலும் மொனங்காது" என்றார் ஒருவர்.

"அட, க்ளாஸ் வண்டி நம்மூருக்கு வந்து எத்தன வருசமாச்சுங்க மாமா? இன்னும் ஓடிட்டுதான இருக்குது" என்றார் இளையவர்.

மூன்றாமவர் ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் பெரிய டயர் வண்டிகளின் கட்சி. "பதினாலு அடி வாயிங்க. ஒரே இழுப்புல முடிச்சுட்டுப் போயிருவான்" என்றார்.

மூவரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: அறுவடை நடக்கும்போது வண்டி நின்றுபோனால் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில் வருவார்? அறுவடை இயந்திரம் வாங்க நினைப்பவரும், வாடகைக்கு எடுப்பவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வாய் அகலம் மட்டும் போதாது

பெரிய வண்டி என்றால் வேலை வேகமாக முடியும் என்பது பொதுவான எண்ணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெட்டும் பகுதி 2 மீட்டர் அகலமுள்ள ஒரு பெல்ட் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போனால், ஒரு மணி நேரத்தில் ஏட்டளவில் 0.6 எக்டர் அறுக்க வேண்டும். திரும்புவது, தானியத்தைக் கொட்டுவது, அடைப்பு எடுப்பது எல்லாம் போக உருப்படியாக நடக்கும் வேலை 65 சதவீதம் என்று கொண்டால் 0.39 எக்டர். அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர்.

4.2 மீட்டர், நம் பேச்சில் 14 அடி வண்டி, அதே வேகத்தில் ஏட்டளவில் 1.26 எக்டர் அறுக்கும். ஆனால் நம் பகுதியில் முக்கால் ஏக்கர், ஒரு ஏக்கர் என்று வரப்பும் தென்னையும் போர்வெல் மேடையும் குறுக்கிடும் வயல்கள்தான் அதிகம். அங்கே பெரிய வண்டிக்குத் திரும்பவே இடம் கிடைக்காது. உருப்படியான வேலை 50 சதவீதத்துக்கு இறங்கினால் கிடைப்பது 0.63 எக்டர், சுமார் ஒன்றரை ஏக்கர். அகலம் இரண்டு மடங்குக்கு மேல். வேலையோ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான்.

ஒரே தாக்காகப் பத்து ஏக்கர் இருந்தால் பெரிய வண்டி லாபம். துண்டு துண்டாக இருந்தால் சின்ன வண்டியே போதும்.

பெல்ட்டா, டயரா?

பெல்ட் வண்டி நெல் வயலின் சேற்றுக்காக வந்தது. எடை பரவலாக இறங்குவதால் ஈரமண்ணில் புதையாது. வடகிழக்குப் பருவமழை முடியாத கார்த்திகை, மார்கழியில் கரிசல் மண்ணில் அறுவடை என்றால் அதற்கு ஈடில்லை. ஆனால் காய்ந்த கட்டாந்தரையிலும் கல்லிலும் ரப்பர் பெல்ட் சீக்கிரம் தேயும். தார்ச்சாலையில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஊர் மாற ஒவ்வொரு முறையும் லாரி வேண்டும். தை, மாசியில் காய்ந்த செம்மண் காட்டில் மக்காச்சோளம் மட்டும் அறுப்பதென்றால் டயர் வண்டியே சிக்கனம்.

இன்னொன்று. நெல்லுக்கு அமைத்த வண்டியை அப்படியே மக்காச்சோளத்தில் விடக்கூடாது. கதிரடிக்கும் உருளையின் வேகத்தைக் குறைத்து, உருளைக்கும் அதன் கீழுள்ள சல்லடைக்கும் நடுவிலான இடைவெளியைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் மணி உடையும். உடைந்த மணியில் பூஞ்சை எளிதில் ஏறும். அப்ளாடாக்சின் நச்சு வரும். பல்லடம், நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகள் கழிப்பது அதைத்தான்.

கருதை மட்டும் ஒடித்தெடுக்கும் தனி முன்பகுதி பொருத்திய வண்டி என்றால், பயிரின் வரிசை இடைவெளியும் வண்டியின் வரிசை இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி 60 செ.மீ.க்கு 25 செ.மீ. ஆகவே வண்டி அமர்த்தும் யோசனை அறுவடையின்போது அல்ல, விதைக்கும் அன்றே தொடங்க வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்கள் இதையும் யோசியுங்கள். வண்டி விட்டால் தட்டு நொறுங்கிக் காட்டிலேயே கிடக்கும். ஆள் வைத்துக் கருது ஒடித்து, மெஷினில் அடித்தால் தட்டு மிஞ்சும். கூலிக் கணக்குப் போடும்போது தட்டின் விலையையும் சேர்த்துப் போடுங்கள்.

வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடும்?

வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. வண்டியின் விலை 25 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடம் கழித்து 5 லட்சத்துக்கு விற்கலாம் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 2.5 லட்சம். சராசரி மதிப்பான 15 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி 1.5 லட்சம். காப்பீடும் மற்றவையும் 50 ஆயிரம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு 4.5 லட்சம் செலவு நிச்சயம்.

வருடத்துக்கு 300 மணி நேரம் ஓடினால், டீசலும் டிரைவரும் சேராமலே மணிக்கு 1,500 ரூபாய் விழும். 600 மணி நேரம் ஓடினால் 750. 900 மணி நேரம் என்றால் 500.

இப்போது நம் பகுதியைப் பாருங்கள். பரம்பிக்குளம் - ஆழியாறு பாசனம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. ஒரு மண்டலத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் விதைப்பதால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அறுவடை வரும். 25 நாளில், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம்தான். மீதி மணி நேரத்துக்கு வண்டி வெளியூர் போயாக வேண்டும். டெல்டாவின் சம்பா அறுவடையும் தை, மாசியில்தான் வருகிறது. அங்கே போக வேண்டுமானால் பெல்ட் வண்டி வேண்டும். உங்கள் பிராண்டுக்குச் சூலூர் பக்கம் மட்டுமல்ல, தஞ்சாவூர் பக்கமும் சர்வீஸ் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் வாங்காதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டிகளை உழவன் செயலி வழியாக வாடகைக்குப் பதிவு செய்யலாம். அல்லது பத்துப் பேர் குழுவாகச் சேரலாம்.

நின்றுபோன ஒன்பது நாள்

செலக்கரிச்சல் பக்கம் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் சில வருடங்களுக்கு முன் கடனில் வண்டி வாங்கினார். வேறொரு கம்பெனி வண்டியைவிட 50 ஆயிரம் குறைவாகக் கிடைத்தது. வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறுவடை உச்சத்தில் ஹைட்ராலிக் பம்ப் போனது. டீலரின் கடை விற்பனைக்கு மட்டுமே. உதிரி பாகம் இருப்பு இல்லை. பம்ப் வடக்கிலிருந்து வந்து சேர ஒன்பது நாள். அதற்குள் அவர் பேசி வைத்திருந்த காடுகளையெல்லாம் வேறு வண்டி அறுத்துவிட்டுப் போய்விட்டது.

மணிக்கு 2,500 ரூபாய் வாடகை, 1,300 ரூபாய் ஓட்டும் செலவு என்று வைத்தால் கையில் நிற்பது 1,200. எட்டு மணி நேரத்துக்கு 9,600. ஒன்பது நாளில் 86,400. வாங்கும்போது மிச்சம் பிடித்த 50 ஆயிரம் ஆறாவது நாளிலேயே போய்விட்டது. "பணம் போனாப் போகுதுங்க. அடுத்த வருசம் யாரும் நம்மளக் கூப்புட மாட்டீங்கறாங்க" என்றார் அவர்.

கோவைப் பகுதி விவசாயிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. கிணற்று மோட்டார் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து ஊர் ரீவைண்டிங் கடைக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறோம். சில ஆயிரம் ரூபாய் மோட்டாருக்குக் காட்டும் கவனத்தை 25 லட்சம் ரூபாய் வண்டிக்கும் காட்டினால் போதும்.

பிராண்டுப் பற்று தவறில்லை. பழகிய வண்டிக்கு டிரைவரும் மெக்கானிக்கும் எளிதில் கிடைப்பார்கள். மறுவிற்பனையும் நன்றாக இருக்கும். ஆனால் பெயர் நிலையானது அல்ல. 2022-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானின் குபோட்டா கைக்குப் போய் 'எஸ்கார்ட்ஸ் குபோட்டா' ஆனது. க்ளாஸ் நிறுவனத்தின் இந்தியப் பிரிவை இன்னொரு ஜப்பானிய நிறுவனமான யன்மார் வாங்கிவிட்டது. கம்பெனி கைமாறும்போது டீலர்களும் மாறலாம். உங்களுக்கு விற்றவர் எட்டு வருடம் கழித்தும் இருப்பாரா என்பதே கேள்வி.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

* டீலரின் ஷோரூமுக்கு முன் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பெல்ட், செயின், கத்தி, பேரிங், பில்டர், ஹைட்ராலிக் பம்ப் ஆகியவை இருப்பில் உள்ளனவா என்று கண்ணால் பாருங்கள்.
* அறுவடைக் காலத்தில் எத்தனை மெக்கானிக், எத்தனை மணி நேரத்தில் காட்டுக்கு வருவார் என்பதை எழுத்தில் கேளுங்கள்.
* அதே வண்டியை மூன்று வருடம் ஓட்டியவர் இருவரைச் சந்தியுங்கள். புது வண்டிக்காரர் குறை சொல்ல மாட்டார்.
* மத்தியப் பிரதேசத்தின் புத்னி, அரியானாவின் ஹிசார் போன்ற இடங்களில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையங்கள் தரும் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். தானிய இழப்பு, மணி உடைவு, டீசல் செலவு எல்லாம் அதில் இருக்கும்.
* 2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரங்களுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முந்தைய விலை 25 லட்சம் என்றால் 1.75 லட்சம் மிச்சம். விலைப்பட்டியலில் அது தெரிகிறதா என்று சரிபாருங்கள்.
* மானியம் வேண்டுமென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் பதிந்து, அனுமதி வந்த பிறகே வண்டி எடுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

மணிக் கணக்கில் பேசினால் வண்டி மெதுவாகப் போகும். ஏக்கர் கணக்கில் பேசினால் டிரைவர் விரட்டுவார், மணி கீழே சிந்தும். எதுவானாலும் முதல் சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி போன தடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு போட்டு, உள்ளே கிடக்கும் மணிகளை எண்ணுங்கள். நாலைந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். 22 மணி இருந்தால் ஏக்கருக்குச் சுமார் 25 கிலோ மண்ணோடு போகிறது என்று பொருள். 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்தக் கணக்கில் 600 ரூபாய். அதற்கு மேல் சிந்தினால் வேகத்தைக் குறைக்கவும் காற்றைச் சரிசெய்யவும் சொல்லுங்கள். நல்ல டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஈரத்தையும் கவனியுங்கள். 20 சதவீத ஈரத்தில் அறுத்த 100 கிலோ, 14 சதவீதத்துக்குக் காயும்போது 93 கிலோதான் நிற்கும். வண்டி கிடைத்துவிட்டதே என்று பச்சையாக அறுத்தால் மணியும் நசுங்கும், களத்தில் காயவைக்கும் வேலையும் கூடும்.

அன்று டீக்கடையில் வாதம் முடியவில்லை. கிளம்பும்போது மாமாவிடம் கேட்டேன்: "உங்க வண்டிக்கு மெக்கானிக் எங்கிருந்து வருவாருங்க?" அவர் கொஞ்சம் யோசித்தார். "அதக் கேக்கவே இல்லீங்களே" என்றார். நீங்கள் கேட்டுவிடுங்கள், அறுவடைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.