“எங்க லிமிட் இல்ல”னு சொன்னா என்ன செய்யணும்?

இந்த எபிசோடை எங்க ஊர் உத்திரமேரூர்லேர்ந்து பேசுறேன். விஷயம், நம்ம வீட்டுலயே நடந்தது.

சாயங்காலம் ஆறரை மணி. சித்தி ஸ்கூட்டியில வந்துட்டிருந்தாங்க. பின்னாடி பைக்ல வந்த ரெண்டு பேர் தாலிச் சங்கிலியை அறுத்துட்டுப் போயிட்டாங்க. கழுத்துல காயம், முட்டியில சிராய்ப்பு. நேரா ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். “சம்பவம் நடந்த இடம் எங்க லிமிட்ல வராதும்மா”ன்னாங்க. இன்னொரு ஸ்டேஷன்ல மனுவை வாங்கிக்கிட்டு, சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தாங்க.

எங்க பக்கம் இந்த எல்லைக் குழப்பம் சகஜம். 2019-ல காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமா பிரிஞ்சது. இந்தப் பக்கம் மதுராந்தகம் போனா செங்கல்பட்டு மாவட்டம், அந்தப் பக்கம் வந்தவாசி போனா திருவண்ணாமலை மாவட்டம். திருடனுக்கு இந்த எல்லையெல்லாம் கிடையாது. அலையுறது நாமதான்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். சி.எஸ்.ஆர். வேற, எஃப்.ஐ.ஆர். வேற. சி.எஸ்.ஆர். என்பது உங்க மனு வந்து சேர்ந்ததுக்கான ரசீது, அவ்வளவுதான். வழக்கு தொடங்குறது எஃப்.ஐ.ஆர்.லதான்.

இப்போ சட்டம் என்ன சொல்லுது? 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கு. அதோட 173-வது பிரிவின்படி, பிடியாணை இல்லாம போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம்னா, அது எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம். இதைத்தான் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’னு சொல்றாங்க. பதிவு பண்ணிட்டு, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புறது அவங்க வேலை. ஆன்லைன்லயும் புகார் அனுப்பலாம்; ஆனா மூணு நாளுக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

சங்கிலிப் பறிப்பு அந்த வகைக் குற்றம்தான். புது பாரதிய நியாய சன்ஹிதாவுல அதுக்குன்னே 304-வது பிரிவு இருக்கு. மூணு வருஷம் வரை சிறை. ஒரு விஷயம் கவனிங்க: மூணு வருஷத்திலிருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றங்கள்ல, டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த போலீசுக்கு வழி இருக்கு. அதனால “விசாரிச்சுட்டுச் சொல்றோம்”னு சொன்னா, டி.எஸ்.பி. அனுமதி வாங்கியாச்சான்னு மரியாதையா கேளுங்க.

அப்பவும் மறுத்தா? புகாரை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்புங்க. அதுக்கும் பலன் இல்லைன்னா மாஜிஸ்திரேட்கிட்ட மனு போடலாம். இந்த மாதிரிக் குற்றம் நடந்ததுன்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013-ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கு.

“சங்கிலி கிடைக்கப் போறதில்ல, எதுக்கு இவ்வளவு அலைச்சல்?”னு சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடுற கணக்குல வர்றது பதிவான வழக்குகள் மட்டும்தான். எழுதாத பறிப்பு, கணக்குல நடக்காத பறிப்பு. கணக்குப்படி பிரச்சினையே இல்லாத ரோட்டுக்கு ரோந்து வண்டி வேணும்னு எதைக் காட்டிக் கேட்பீங்க?

எழுதி வைக்கிறது எங்க ஊருக்குப் புதுசும் இல்ல. இங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துல 919, 921-ல வெட்டின கல்வெட்டுகள் இருக்கு. குடவோலைத் தேர்தல் விதிகள். முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன், அடுத்தவன் பொருளைத் திருடினவன், இவங்க பேரைக் குடத்துல போடக் கூடாதுன்னு கல்லுல வெட்டியிருக்காங்க. நிலம் உள்ள பிராமண ஆண்களுக்கான சபை அது, எல்லாருக்குமான ஜனநாயகம் இல்ல. ஆனா விதியை யாரும் “எனக்குத் தெரியாது”ன்னு சொல்ல முடியாதபடி பொது இடத்துல வெச்சாங்க.

சித்தி கடைசியில எஸ்.பி. ஆபீசுக்குத் தபால் போட்டாங்க. அதுக்கப்புறம் எஃப்.ஐ.ஆர். பதிவாச்சு. சங்கிலி இன்னும் கிடைக்கல. விசாரணை எந்த நிலையில இருக்குன்னு புகார்தாரருக்கு 90 நாளுக்குள்ள போலீஸ் சொல்லணும், அதுவும் சட்டம்தான். அந்தத் தேதியைச் சமையலறை காலண்டர்ல சித்தி வட்டம் போட்டு வெச்சிருக்காங்க.

அவசரம்னா 112. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.