நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

ஓசூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அலுவலகத்தில் பில்லிங், கிடங்கு, டெலிவரி எல்லாம் தனித்தனி சர்வீஸ்கள். நடுவில் ஒரு மிடில்வேர். பண்டிகைத் தள்ளுபடிக் கணக்கையும் அதிலேயே எழுதிவிடலாம் என்கிறாராம் டீம் லீட். எழுதலாமா?

வேண்டாம். ஏனென்று சொல்ல, எனக்கு மிகவும் பிடித்த பழைய கூத்து ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்தது. அங்கே பல உள்வலைகளை கேட்வே கணினிகள் இணைத்தன. ஒரு கேட்வேயிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் செக்சம் உண்டு. வழியில் ஒரு பிட் கெட்டாலும் பிடிபட்டுவிடும் என்று நிரல் எழுதியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். கெட்டது வழியில் அல்ல, கேட்வேக்கு உள்ளே. ஒரு கணினி, வந்த தரவை வெளியே அனுப்பும் இடத்துக்கு நகலெடுக்கையில் சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை பக்கத்துப் பக்கத்து பைட்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தது. அப்படிக் குழம்பிய தரவுக்கு அடுத்த தாவலில் புதிய செக்சம், சுத்தமாக! அந்த வழியே திரும்பத் திரும்பப் போய்வந்த ஓர் இயங்குதளத்தின் மூல நிரல்களில் சில கெட்டுப்போயின. கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்துவைத்து, கண்ணால் ஒப்பிட்டுத் திருத்தினார்கள்.

சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1981இல் முன்வைத்து 1984இல் விரித்து வெளியிட்ட கட்டுரையில் இது வருகிறது. சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை முழுமையாகச் சரிபார்க்க இரு முனைகளால்தான் முடியும்; நடுவில் செய்யும் சோதனை வேகத்துக்கு உதவலாம், உத்தரவாதம் ஆகாது என்பது அவர்கள் வாதம்.

எங்கள் அத்தை கல்யாணத்தை முடித்துவைத்த தரகர் இரு வீட்டுக்கும் ஜாதகம் சுமந்தார், தேதி சொன்னார், பேச்சு முறியாமல் பார்த்துக்கொண்டார். சீர் எவ்வளவு என்று மட்டும் அவர் வாயால் சொன்னதே இல்லை. மிடில்வேர் அந்தத் தரகர் மாதிரி இருக்க வேண்டும். குறியாக்கம், வழிகாட்டல், லாக், லாகின் டோக்கன் சோதனை, கோரிக்கைகள் குவியாமல் தடுப்பது எல்லாம் அதற்குப் பொருந்தும். இந்த ஆள் இந்த பில்லைப் பார்க்கலாமா என்பதை பில்லிங்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மறுமுயற்சிகூட எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. பணம் கழிக்கச் சொல்லி அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. கோரிக்கையே போய்ச் சேரவில்லையா, பணத்தைக் கழித்தபின் பதில் தொலைந்ததா? நடுவில் இருப்பதற்குத் தெரியாது. தெரியாமல் மறுபடி அனுப்பினால் இரண்டு முறை கழியும். அனுப்புகிறவர் ஒவ்வொரு கட்டளைக்கும் தனி எண் போட்டு, வாங்குகிறவர் அதே எண் மறுபடி வந்தால் பணத்தைக் கழிக்காமல் பழைய பதிலையே திருப்பித் தந்தால்தான் மறுமுயற்சியை மிடில்வேரிடம் ஒப்படைக்கலாம்.

இதெல்லாம் பலருக்கும் தெரியும். 2014இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவ்லரும் மைக்ரோசர்வீஸ் பற்றி எழுதியபோது, அறிவு முனைகளில் இருக்கட்டும், குழாய் வெறும் குழாயாக இருக்கட்டும் என்றே சொன்னார்கள். ஆனாலும் ஏன் நடுவில் திணிக்கிறோம்? பில்லிங் குழுவிடம் கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள்; மிடில்வேர்க்காரர் இன்று சாயங்காலமே போட்டுக்கொடுப்பார். இப்படி ஒவ்வொரு சாயங்காலமும் சேர்ந்த விதிகளைத் தொடவே ஆள் பயப்படும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் வேலை மாறிப் போயிருப்பார்.

ஓசூர்க்காரரே, உங்கள் டீம் லீடிடம் ஒன்று கேளுங்கள்: தீபாவளி அன்று தள்ளுபடி தப்பாக விழுந்தால் வாடிக்கையாளர் யாருக்கு போன் போடுவார்? பில்லிங்குக்கு என்றால், கணக்கும் அங்கேயே இருக்கட்டும்.