வளர்த்த கையும் அறுக்கும் கத்தியும்

அடை வைத்த முட்டைகளில் ஏறக்குறையப் பாதி சேவலாகவே பொரிக்கும். ஒரு முற்றத்துக்கு ஒரு சேவல் போதும். மிஞ்சியவை ஒன்றையொன்று கொத்திக் குதறும். ஆகவே, கோழி வளர்க்கும் குடும்பத்துக்கு அந்தச் சங்கடமான காலை என்றேனும் வந்தே தீரும். குழந்தை பெயரிட்டு அழைத்த சேவலை நாம் எப்படி அறுப்பது?

மனம் தயங்குவது பலவீனமன்று. ஆனால், கத்தியை எடுத்த பிறகு கை தயங்கினால் வேதனை சேவலுக்குத்தான்.

முதல் நாள் இரவே இரையை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்கவேண்டும். விடியுமுன் இருட்டில் எடுத்தால் மிரளாது. காலைப் பிடித்துத் தொங்கவிடாமல், இறக்கைகளோடு சேர்த்து அணைத்து, மற்றக் கோழிகளுக்கு மறைவாகக் கொண்டுபோகவேண்டும். அடியில் திறப்புள்ள தகரக் கூம்பில் தலை வெளியே வரும்படி இருத்தினால், கூம்பு உடலைத் தாங்கிக்கொள்ளும். நன்கு தீட்டிய கத்தியால், தாடைக்குக் கீழே இருபுறத்து இரத்தக் குழாய்களையும் தயங்காமல் அறுத்தால் விரைவில் நினைவு தப்பும். பின்னர்க் காணும் துடிப்பு நரம்புகளின் செய்கையே. அசைவு முற்றும் அடங்கிய பிறகே வெந்நீரில் அமிழ்த்தலாம்.

1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் உணவுக்காகக் கொல்வதைத் தடுக்கவில்லை. அநாவசியமாக வதைப்பதையே குற்றமாக்குகிறது.

'சேவல் ஓடிப்போயிற்று' என்று குழந்தையிடம் பொய் சொல்லவேண்டாம். கடையில் வாங்கும் கறியும் ஓர் உயிராக இருந்ததுதான். அதன் முகத்தை நாம் பார்த்ததில்லை, அவ்வளவே.