இரவு 10 மணிக்கு மேல் மைக் செட் கூடாது!
சட்டம் சொல்வது என்ன? பக்கத்து வீட்டாரிடம் எப்படிச் சொல்வது?

அவள் 13 வயதுச் சிறுமி. பலாத்காரத்துக்கு ஆளானாள். உதவி கேட்டுக் கதறினாள். யாரும் வரவில்லை.

காரணம்? அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு முழங்கிக் கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் கதறல் அமுங்கிப் போய்விட்டது. அன்று மாலையே அந்தச் சிறுமி தீக்குளித்து இறந்தாள்.

1998-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி பத்திரிகைகளில் வந்த செய்தி இது. இதைப் படித்த என்ஜினீயர் ஒருவர் சும்மா இருக்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

2005-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி தீர்ப்பு வந்தது. பேச எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால், கேட்க விரும்பாதவர் காதில் ஒலிபெருக்கியை வைத்துத் திணிக்க யாருக்கும் உரிமை கிடையாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

சட்டம் என்ன?

சத்தத்தைக் கட்டுப்படுத்த 2000-ம் ஆண்டில் மத்திய அரசு விதிகள் கொண்டு வந்தது. அவை எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டியவை.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மண்டபத்துக்கு உள்ளே, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைத்துக் கொள்ளலாம். மற்ற நேரத்திலும் எழுத்து மூலம் அனுமதி வாங்கித்தான் வைக்க வேண்டும்.

பண்டிகை, திருவிழா நாட்களில் இரவு 12 மணி வரை மாநில அரசு அனுமதி தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது.

மைக் செட் மட்டும் அல்ல. வீடுகள் உள்ள பகுதியில் இரவு 10 மணிக்கு மேல், அவசரம் இருந்தால் ஒழிய, மோட்டார் ஹாரன் அடிக்கக் கூடாது. சத்தம் போடும் கட்டிட எந்திரங்களை ஓட்டக் கூடாது. வெடி வெடிக்கக் கூடாது.

"சாமி காரியம் ஆயிற்றே!" என்று சிலர் சொல்வார்கள். இதற்கும் பதில் இருக்கிறது. சென்னையில் ஒரு ஜெபக்கூடத்தின் சத்தம் பற்றி, குடியிருப்போர் நலச் சங்கம் வழக்குப் போட்டது. அது சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி கோர்ட்டு கூறியது. கோவில், மசூதி, சர்ச் எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்.

காது திரும்பக் கிடைக்காது!

எடையைக் கிலோவில் சொல்வது போல, சத்தத்தை டெசிபல் என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு பேர் சாதாரணமாகப் பேசும் சத்தம் சுமார் 60 டெசிபல். குடியிருக்கும் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது என்பது விதி.

இந்த அளவில் ஒரு விசேஷம் உண்டு. 10 டெசிபல் கூடினால், சத்தத்தின் சக்தி 10 மடங்கு ஆகிவிடும்!

நமது ஒவ்வொரு காதின் உள்ளேயும் சுமார் 15 ஆயிரம் நுண்ணிய செல்கள் இருக்கின்றன. மயிரிழை போன்ற நுனி கொண்டவை. சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்புபவை இவைதான். பெரும் சத்தத்தில் இவை செத்துப் போனால், மறுபடி முளைக்காது.

தூக்கம் கெட்டால் காதோடு போகாது. இரவுச் சத்தம் நாள்தோறும் தொடர்ந்தால் ரத்தக் கொதிப்பும், இதய நோயும் வரக்கூடும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

எப்படிச் சொல்வது?

"சட்டம் இருக்கிறது, சரி. பக்கத்து வீட்டுக்காரரைப் பகைத்துக் கொள்ள முடியுமா? காலையில் எழுந்தால் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி. ஆகவே, போலீசுக்குப் போவது கடைசி வழியாக இருக்கட்டும்.

முதல் வழி, முன்கூட்டியே சொல்வது. பந்தல்கால் நடும்போதே போங்கள். "அண்ணே, விசேஷம் நல்லபடியாக நடக்கட்டும். எங்கள் அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. பையனுக்குப் பரீட்சை. பத்து மணியோடு ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். நள்ளிரவில் கோபத்தோடு போய்க் கதவைத் தட்டினால், சத்தம் குறையாது, சண்டைதான் வளரும்.

மைக் செட்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். குழாயை வீடுகள் இல்லாத பக்கம் திருப்பிக் கட்டினாலே பாதித் தொல்லை தீரும்.

இரண்டாவது வழி, நாலு வீட்டார் சேர்ந்து போவது. ஒருவர் சொன்னால் பொறாமை என்பார்கள். தெருவே சொன்னால் யோசிப்பார்கள்.

அதற்கும் மசியவில்லையா? 100-க்கு டெலிபோன் செய்யுங்கள். தெரு, இடம், நேரம் மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். "எத்தனை டெசிபல்?" என்று நீங்கள் அளந்து காட்ட வேண்டியதில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைத்ததே விதி மீறல்தான். மறுநாள், பல வீட்டார் கையெழுத்துப் போட்டுப் போலீஸ் நிலையத்தில் மனுக் கொடுங்கள். மனுவைப் பெற்றுக் கொண்டதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

நம் வீட்டிலும்தான்!

இன்று அவர் வீட்டுக் காதுகுத்து. நாளை நம் வீட்டுக் கல்யாணம். அப்போது "ஒரு நாள்தானே!" என்று நாமே சொல்லுவோம். தெருவில் 50 வீடு இருந்தால், அந்த "ஒரு நாள்" 50 நாள் ஆகிவிடும்!

நம் வீட்டு விசேஷத்தில், கடிகாரம் 10 அடித்ததும் நாமே சுவிட்சை அணைப்போம். யார் வீட்டுக் கைக்குழந்தைக்குக் காய்ச்சலோ, யார் விடியற்காலையில் வேலைக்குப் போக வேண்டுமோ, நமக்குத் தெரியாது. அவர்கள் தூங்கட்டும். அப்படி நடந்தவருக்கு, அடுத்த வீட்டில் போய்ச் சொல்லவும் வாய் இருக்கும். அவர் சொன்னால் கேட்கவும் ஆள் இருக்கும்.