ஊளைக்கு எதிர் ஊளை

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தை இரு கூறாக்கிக்கொண்டு கிடக்கின்றது. கடலை அடுத்துள்ள கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும், ஞாயிறு சாயும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் முன்னோர் பெயரிட்டு வழங்கினர். படுவான்கரையின் வயல்வெளிகளிலே காவலுக்காக ஒரு வாடியில் இரவைக் கழித்தவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. பொழுது பட்டுச் சிறிது நேரத்தில், எங்கோ ஒரு பற்றைக்குள்ளிருந்து ஒற்றைக் குரலொன்று நீண்டு எழும். அது அடங்குமுன் இன்னொரு குரல் அதனோடு சேரும். பின்னர் ஒரு திசையின் ஊளைக்கு மறுதிசை விடை கூறும். சற்று நேரத்தில் எல்லாம் ஓய்ந்து, தவளைகளின் ஒலி மாத்திரமே எஞ்சி நிற்கும்.

கேட்பவர் இதனை வெறும் இரைச்சல் என்று எண்ணிவிடலாம். ஆனால் அது இரைச்சலன்று, ஒருவகைப் பேச்சு. அந்தப் பேச்சைக் கற்று, அதே மொழியில் மறுமொழி கூறி விலங்கைத் தன்பால் வரவழைக்கும் கலையொன்று மனிதரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. குரல் கொடுத்து ஆடும் வேட்டை என்று அதனைச் சொல்லலாம். அந்தக் கலை எவ்வாறு நிகழ்கிறது, ஏன் பலிக்கிறது, அதனால் விளைந்த நன்மை தீமை யாவை என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

முதலில் நரியை அறிதல் வேண்டும். இலங்கைக் காடுகளில் வாழும் நாய்க்குடும்ப விலங்கு நரி ஒன்றே. ஓநாயும் செந்நாயும் இத்தீவில் இல்லை. நம்மவர் நரி என்று அழைக்கும் இவ்விலங்குக்கு 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் விஞ்ஞானப் பெயரிட்டார். ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழ்வது இதன் இயல்பு. பெண் நரி ஏறத்தாழ ஒன்பது வாரம் சூல் கொண்டு குட்டிகளை ஈனும். தந்தையும் தாயும் இரை தேடி உண்டு, வளைக்குத் திரும்பிக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும். முந்திய ஈற்றில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் சில பெற்றோரை விட்டு நீங்காமல், தம்பி தங்கையரை வளர்க்கத் துணை நிற்பதும் உண்டு.

இத்தகைய குடும்பத்துக்குக் குரலே வேலியாகும். "இவ்விடம் எமது" என்று அயலாருக்கு அறிவிப்பதும் ஊளைதான். பிரிந்து சென்ற துணையை அழைப்பதும் ஊளைதான். ஆகவே தன் எல்லைக்குள் அந்நிய ஊளை ஒன்று கேட்குமாயின், நரி வாளா இருப்பது அரிது. ஒன்று எதிர் ஊளை இடும். அன்றேல் வந்து பார்க்கும். வேட்டைக்காரனின் கலை முழுவதும் இந்த இயல்பின் மேலேயே நிற்கின்றது.

குரலின் பயனை நரி வேட்டையிலும் அறிந்து வைத்திருக்கிறது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் இலங்கையில் உயர் பதவி வகித்த எமர்சன் ரெனன்ற் என்பவர் 1848ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்து, நிலவொளியில் தோணியேறி வாவியின் அடியிலிருந்து எழும் இசையைச் செவிமடுத்தவர். இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி அவர் எழுதிய நூல் 1861ஆம் ஆண்டு வெளிவந்தது. வரட்சிக் காலத்தில் முயலோ சிறு மானோ ஒரு பற்றைக்குள் ஒதுங்கினால், நரிகளுட் சில அதன் வழிகளில் பதுங்கியிருக்க, தலைமை நரி குரல் கொடுத்தவுடன் ஏனையவை உள்ளே பாய்ந்து இரையை வெளியே விரட்டும் என்ற செய்தியை அந்நூலில் அவர் பதிவு செய்துள்ளார். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் மறைந்திருத்தல் என்பது மனிதன் மாத்திரம் கண்டுபிடித்த சூழ்ச்சியன்று.

இக்கலை இன்று மிகப் பரவலாக நடைபெறுவது அமெரிக்காவில். அங்கே நரிக்கு ஒப்பான கொயோட்டி என்னும் விலங்கு உண்டு. மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடி மொழியாகிய நாகுவாத்திலிருந்து வந்த பெயர் அது. அதற்குக் குரல் கொடுத்து ஆடும் வேட்டையின் ஒரு நாளைப் பார்ப்போம்.

விடியுமுன்னே இருவர் புறப்படுகின்றனர். ஏன் இருவர்? கொயோட்டி, நரி ஆகிய இரண்டும் மூக்கையும் பெரிதும் நம்புபவை. அழைக்கும் குரல் கேட்டால் அவை பெரும்பாலும் நேரே ஓடி வருவதில்லை. வட்டமாகச் சுற்றி, காற்று வீசிச் செல்லும் பக்கத்துக்குப் போய், அங்கே நின்று மோந்து பார்க்கும். மனித வாடை பட்டால் நொடியில் மறைந்துவிடும். ஆதலின் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர் சற்று விலகி, விலங்கு சுற்றி வரக்கூடிய காற்றின் பக்கத்தை நோக்கி அமர்கிறார். குரல் கொடுப்பவர் மீதே விலங்கின் கவனம் நிற்குமாதலால், துணைவர் அசையாதிருக்கும் வரையில் அதன் கண்ணில் படார்.

இருவரும் ஞாயிறு முதுகுப்புறம் இருக்குமாறு ஒரு புதரின் நிழலில் உட்காருகின்றனர். முதலில் சில கணம் அமைதி. பின்னர் குரல். அது இரண்டு வகைப்படும். பருந்தின் பிடியில் அகப்பட்ட முயல் கதறுவது போன்ற குரல் ஒன்று. அது பசியை அழைப்பது. அந்நியக் கொயோட்டியின் ஊளை மற்றொன்று. அது எல்லைக் காவலை அழைப்பது. குட்டி ஈனும் பருவத்தில் குட்டியின் முனகல் போன்ற குரலும் உண்டு. அது பெற்ற உள்ளத்தையே அழைப்பது. ஊதுகுழல் கொண்டு வாயால் ஊதுவது பழைய முறை. பதிவு செய்த ஒலியைக் கருவியால் எழுப்புவது பிற்கால முறை. சிறிது நேரம் காத்திருந்தும் பயன் இல்லையாயின், எழுந்து வேறிடம் நாடுகின்றனர். ஒரு நாளில் பல இடம் மாறியும் வெறுங்கையோடு திரும்புவது இவ்வேட்டையில் சாதாரணம்.

தமிழுலகில் இக்கலைக்குப் பெயர் பெற்றவர்கள் தமிழ்நாட்டின் நரிக்குறவர்கள். வாக்ரிபோலி என்னும் தனிமொழி பேசும் இவர்களை, 1909ஆம் ஆண்டு வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூல் குருவிக்காரர் என்ற பெயரில் குறிப்பிடுகின்றது. நரியின் ஊளையைத் தம் தொண்டையாலேயே எழுப்பி, வலைக்கோ கண்ணிக்கோ அதனை அழைத்துப் பிடிக்கும் வல்லமை இவர்களுடையது. குழலும் இல்லை, கருவியும் இல்லை. தந்தை ஊளையிட மைந்தன் கேட்டுக் கற்றதே அக்கல்வி.

நரியோடு கூடிய நம்பிக்கையொன்று இவ்வேட்டைக்கு மேலும் தூண்டுதலாயிற்று. நரி முகத்தில் விழித்தால் நன்மை உண்டாகும் என்பது பேச்சு வழக்கு. அதற்கும் மேலாக, நரிக்கூட்டத்தின் தலைவனுக்கு உச்சியில் சிறு கொம்பு ஒன்று உண்டென்றும், அதனை வைத்திருப்பவனுக்கு வழக்கில் வெற்றி கிட்டும் என்றும் தமிழரும் சிங்களவரும் நம்பியதை ரெனன்றும் குறித்துள்ளார். நரிக்கு இயற்கையாகக் கொம்பு இல்லை. கொம்பென்று விற்கப்படுபவற்றிற் பல, தோலையும் மயிரையும் கொண்டு செய்யப்படும் போலிகள். இந்தப் பொய்க்காக எத்தனை உயிர்கள் மாண்டிருக்கும் என்பதை எண்ணும்போது மனம் நோகின்றது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நரியைப் பிடிப்பது குற்றமாயிற்று. விலங்குக்கு அது அரண். நரிக்குறவருக்கோ பிழைப்பின் முடிவு. அவர்கள் ஊசி, பாசிமணி விற்கும் தொழிலை நாடினர். அம்மக்கள் 2023ஆம் ஆண்டிலேதான் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்கப்பட்டனர். சட்டம் சரியானதே. எனினும் ஒரு கூட்டத்தாரின் தொழிலை நிறுத்தும்போது, அத்தொழிலுக்குள் இருந்த அறிவையும் மண்ணில் புதைத்துவிடுதல் முறையாகுமா? இக்கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

நரியைக் கொல்வதால் உழவனுக்கு நன்மை உண்டா என்பதையும் நோக்க வேண்டும். கோழி பறிகொடுத்த வீட்டாரின் கோபம் நியாயமானதே. ஆயினும் வயலில் எலியைத் தின்பதும், செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் அதே நரிதான். போடியாரின் நெல்லை எலியிடமிருந்து காக்கும் சம்பளமில்லாக் காவற்காரன் என்று அதனைச் சொன்னால் மிகையாகாது. கோழிக்கூட்டை இரவில் இறுகப் பூட்டுவது நரியைச் சுடுவதிலும் எளிய பரிகாரம். அமெரிக்கர் ஆண்டுதோறும் பல்லாயிரம் கொயோட்டிகளைக் கொன்றும், அவ்விலங்கு குறையவில்லை. தன் பழைய மேற்குப் பிரதேசங்களைத் தாண்டிக் கண்டத்தின் கீழ்க்கரை வரை பரவிவிட்டது. குடும்பம் சிதைந்தால், அதுவரை ஈனாதிருந்த இளம் பெண் விலங்குகளும் ஈனத் தொடங்குவது அதற்கொரு காரணம்.

அஞ்ச வேண்டிய ஒன்று உண்டு. அது நீர்வெறுப்பு நோய். இலங்கையில் இந்நோயை மனிதருக்குப் பரப்புவதில் முதலிடம் வகிப்பது நாயேயாயினும், நரியையும் அது பற்றும். பட்டப்பகலில், அச்சமின்றி, தள்ளாடியபடி ஊருக்குள் வரும் நரியை நெருங்கலாகாது. நாயோ நரியோ கடித்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி பெறுதல் வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. ஊர் நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றுவது நரிகளையும் காப்பதாகும்.

இனி, இக்கலைக்கு ஒரு புதிய பயன் பிறந்திருக்கிறது. கிரேக்கம், பல்கேரியா, குரொவேசியா முதலிய ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ச்சியாளர் இரவில் வயலோரம் நின்று, பதிவு செய்த நரி ஊளையை ஒலிக்கச் செய்கின்றனர். பின்னர் செவி சாய்த்துக் காத்திருக்கின்றனர். எத்திசையிலிருந்து, எத்தனை கூட்டங்கள் விடையளிக்கின்றன என்று குறித்துக்கொள்கின்றனர். அங்கும் ஒருவருக்குத் துணை இருத்தல் நன்று. ஒருவர் ஒலியெழுப்ப மற்றவர் திசை குறிக்கலாம். குரல் அதே குரல். காத்திருப்பும் அதே காத்திருப்பு. துப்பாக்கி இருந்த கையில் பென்சில் இருக்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

படுவான்கரையிலும் இது செய்யத்தக்கதே. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்களில் வேளாண்மைக் காவல் இருந்து பழகிய முதியவர்களுக்கு, எந்தப் பற்றையில் நரி பேசும், எந்த மாதத்தில் அதிகம் பேசும் என்பது தெரியும். அவர்களோடு பள்ளி மாணவர் இருவர் மாதம் ஓரிரவு அமர்ந்து ஊளை கேட்ட இடத்தையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தாலே போதும். சில ஆண்டுகளில் அது அரியதொரு பதிவாகிவிடும்.

நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைச் சைவ உலகு நன்கறியும். பாண்டியன் கொட்டிலில் பகலெல்லாம் குதிரைகளாய் நின்றவை, நள்ளிரவில் ஊளையிட்டுத் தாம் நரிகள் என்பதைக் காட்டின. உருவம் மாறினும் குரல் உண்மையைச் சொல்லிவிடும் என்பது அக்கதையில் அடங்கிய ஒரு கருத்து. மீன் பாடுவதைக் கேட்கத் தோணியேறிச் சென்று காதைத் துடுப்பில் வைத்த நாடு மட்டக்களப்பு. அதன் மேற்குக் கரையில் எழும் ஊளைக்கும் அந்தச் செவி உரியதாகட்டும். ஒருநாள் அங்கே குரல் கொடுத்தும் விடை வாராது போகுமானால், அந்த அமைதியின் பொருளை உணர்வதற்கேனும் இன்றே கேட்டுப் பழகியிருத்தல் வேண்டும்.