ரத்தத்தில் மறைந்த மருந்தைத் திசுவில் அளக்கும் முறைகள்

கெட்ட கொழுப்பைக் குறைக்கும் இன்க்ளிசிரான் மருந்தை முதல் ஊசிக்கு மூன்று மாதம் கழித்து ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் போட்டுக்கொள்கிறார்கள். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் மருந்து ரத்தத்தில் கண்டறிய முடியாதபடி குறைந்துவிடுகிறது. பலனோ மாதக்கணக்கில் நீடிக்கிறது. கல்லீரல் செல்லுக்குள் 'ரிஸ்க்' எனும் புரதத் தொகுதியில் அமர்ந்துகொள்ளும் இந்தக் குறு ஆர்என்ஏ மருந்து, கெட்ட கொழுப்பு அகற்றப்படுவதைத் தடுக்கும் பிசிஎஸ்கே9 புரதத்துக்கான தூது ஆர்என்ஏவை விடாமல் வெட்டிக்கொண்டே இருப்பதுதான் காரணம். ஆகவே ரத்த அளவு மட்டும் போதாது. மருந்து வேலை செய்யும் திசுவிலும் அளந்தாக வேண்டும்.

பழகிய வழி, கலப்பு எலைசா. மருந்தின் இழையோடு இணையும் துணை இழை ஒன்று அதைப் பிடித்து நிறுத்த, ஒளியோ நிறமோ அளவைக் காட்டும். மிகக் குறைந்த அளவையும் இது காட்டிவிடும். ஆனால் முழு இழையையும், நொதிகள் நுனியில் நறுக்கிய இழையையும் பிரித்தறிவதில் பலவீனமானது. இது சிறிய குறையல்ல. 2019இல் அமெரிக்க அனுமதி பெற்ற கிவோசிரான் எனும் மற்றொரு குறு ஆர்என்ஏ மருந்தில், ஒரு நியூக்ளியோடைடு உதிர்ந்த துண்டும் முழு மருந்துக்கு இணையான ஆற்றல் கொண்டது. வேறு துண்டுகள் பயனற்றவையாக இருக்கலாம். எதை எண்ணினோம் என்பது தெரியாவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது வழியான, திரவ நிறப்பகுப்பியலுடன் இணைந்த நிறை நிறமாலைமானி, எடை வேறுபாட்டைக் கொண்டு துண்டுகளைத் தனித்தனியே காட்டும். நுண்ணுணர்வில்தான் அது பின்தங்கியது. ஆர்என்ஏ புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பாஸ்பேட் முதுகெலும்பு கருவியின் எஃகுப் பரப்பிலும் ஒட்டி, மாதிரியின் ஒரு பகுதி வழியிலேயே தொலைந்துவிடும். அண்மை மேம்பாடுகள் பெரும்பாலும் இந்த இழப்பைக் குறைப்பவையே. புரோட்டினேஸ் கே நொதியால் புரதங்களைச் சிதைப்பது, இரட்டை இழையைச் சூடாக்கிப் பிரிப்பது, காந்த மணிகளில் கோத்த துணை இழைகளால் மருந்தை மட்டும் இழுத்தெடுப்பது, உலோகம் தொடாத குழாய்களைப் பயன்படுத்துவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

மூன்றாவது வழி, ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுத்துப் பெருக்கி அளக்கும், கொண்டை வளைவுத் தொடக்கி கொண்ட பிசிஆர். மிகச் சிறிய திசுத் துணுக்குக்கும் ஏற்றது. ஆயினும் மருந்து சிதையாதிருக்கச் செய்த வேதி மாற்றங்களே பின்னோக்குப் படியெடுக்கும் நொதியைத் தடுமாறவைப்பதால், ஒவ்வொரு மருந்துக்கும் தனியே சரிபார்க்க வேண்டும்.

எந்த முறையானாலும், ஒரே மாதிரியை எத்தனை தடவை அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடையைத் தர வேண்டும். மருந்து விதிகளை ஒத்திசைக்கும் பன்னாட்டு அமைப்பான ஐசிஎச் 2022இல் ஏற்ற எம்10 வழிகாட்டுதல், நிறப்பகுப்பு முறைகளில் பிழை 15 சதவீதத்துக்குள்ளும், அளவிடக்கூடிய மிகக் குறைந்த செறிவில் 20 சதவீதத்துக்குள்ளும் இருக்கச் சொல்கிறது.

மருந்தின் பலனுக்கு மிக நெருங்கிய அளவீடு, ரிஸ்க்கில் அமர்ந்த இழையை மட்டும் எண்ணுவது. அதற்கு அத்தொகுதியின் ஆகோ2 புரதத்தை எதிர்ப்பொருளால் பிடித்தெடுத்து, அதிலுள்ள இழையைப் பிசிஆரால் அளக்கிறார்கள். கல்லீரல் திசு தேவைப்படுவதால் இச்சோதனை பெரும்பாலும் விலங்கு ஆய்வுகளில்தான் நடக்கிறது.